இந்தோனேசியப் படமும் ஸுபைதா அக்காவும்

செப்டெம்பர் 14, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். நேற்றுத் துவைத்தது இன்னும் ஈரம். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் ஆறு பால் ஊற்றிய தேத்தண்ணி நிறம்.

செய்ய வேண்டியவை: தேங்காய் இரண்டு. சவர்க்காரம். கொடிக்கயிறு. இந்தோனேசியப் படத்தைப் பார்த்து நோட்டீஸ் எழுதுவது.

படம் என் தலையில் விழுந்த கதை. எங்கள் திரைப்பட வட்டத்தில் பெயருக்குப் பதினான்கு பேர், வருவது எட்டு. மாதம் ஒரு படம். யாரோ வீடு காலி செய்தபோது கொடுத்த பெட்டியில் இரண்டு சீடி, இரண்டும் சேர்ந்து ஒரே படம். மீன்பிடிக் குடும்பம் ஒன்றைப் பற்றிய பழைய இந்தோனேசியப் படம். தமிழும் இல்லை, இங்கிலிஷ் எழுத்தும் இல்லை. ஒருவரும் தொடவில்லை. செயலாளர் தவராசா மாஸ்டர் (யாழ்ப்பாணம், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்) உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாஷையும் விளங்காது, நடிகரையும் தெரியாது. ஆருக்குக் காட்டுறது பிள்ளை இதை?" என்றார். எனக்கு ரோசம். பிரெஞ்சுப் படம் என்றால் விளங்காமலே இரண்டரை மணித்தியாலம் உட்காருவார்கள். நான் போட்டுக் காட்டுகிறேன் என்று வாங்கி வந்துவிட்டேன். வாய்க் கொழுப்பு.

பாஷைக்கு ஆள் பக்கத்து வீட்டில். ஸுபைதா அக்கா, பரம்பரையாக இங்கேயே இருக்கும் மலாய்க்காரர். (இனி ஸு. அக்கா. நாள் முழுதும் தட்டச்சு அடித்த விரல், வீட்டிலும் நீளமாக எழுத மறுக்கிறது.) அவர் வீட்டு மலாயும் படத்துப் பாஷையும் ஒரே சாதிச் சனம், ஆனால் கனகாலம் பேச்சுவார்த்தை இல்லாத சனம். "பாதி வெளங்குது. மத்தப் பாதிக்கு மூஞ்சியப் பாக்கிறன்" என்றார். (அக்கா வாயில் 'சொல்லி' எப்போதும் 'செல்லி'தான்.)

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் உட்கார்ந்தோம். சீடியில் இலக்கம் எதுவும் இல்லை. கையில் வந்ததைப் போட்டேன்.

முதல் காட்சியே ஒரு பெண்ணின் கை. வலை பின்னுகிறாள். பேச்சில்லை, பாட்டில்லை. மணலில் ஒரு படகு, பக்கவாட்டில் தகரம் அடித்த ஒட்டு. புருசன் இல்லை. கடலுக்குப் போனவன் வரவில்லை என்று ஸு. அக்கா சொல்லித்தான் தெரிந்தது. மூத்த மகன் அந்தப் படகை எடுத்துக்கொண்டு போகிறான். தாய் பின்னாலேயே தண்ணீருக்குள் இறங்கி, "எங்க போற? எப்ப வருவ?" என்று கத்துகிறாள். ஸு. அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ச்சீ! கடலுக்குப் போறவன இப்பிடிக் கேப்பாங்களா? வாயக் கழுவணும்." எங்கள் வீட்டிலும் அதே சட்டம்தான். வெளியே கிளம்புகிறவரை எங்கே என்று கேட்டால் அம்மா தலையில் குட்டுவார்.

அத்தோடு சீடி முடிந்தது. அடுத்ததைப் போட்டேன். அப்போதுதான் படத்தின் பெயர், நடிகர் பெயர் எல்லாம் ஓடுகிறது! ஒரு மணித்தியாலம் படம் ஓடிய பிறகு! என்ன துணிச்சல் இந்த இயக்குநருக்கு. எழுத்து ஓடி முடிந்ததும் குடிசை. உள்ளே புருசன் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான்.

"வந்துட்டார்! மல்லிகா, பாருங்க, வந்துட்டார்!" ஸு. அக்கா கதிரையை விட்டே எழும்பிவிட்டார்.

மனைவி ஒரு கேள்வி கேட்கவில்லை. சோறு போடுகிறாள். "சோத்துக்கு நாசி எண்டுறாள், எங்கட சொல்லுதான்" என்றார் அக்கா. புருசன் மீனின் கன்னத்துச் சதையைக் கிள்ளிக் கடைக்குட்டியின் வாயில் வைக்கிறான். அதன் பிறகு ஒரு மணித்தியாலமும் சின்னச் சின்ன விசயங்கள்தான். கருவாடு காயும் மூங்கில் தட்டி, மழைக்கு அதை எல்லோரும் ஓடி ஓடி எடுப்பது, குடை பிடித்து வரும் மீன் வியாபாரி, புருசன் பெண்சாதிச் சண்டை, சமாதானம். கடைசியில் விடிகாலை. புருசன் படகைத் தள்ளுகிறான். மனைவி கரையில். வெளிச்சம். முடிந்தது.

என் கண்ணில் தண்ணீர். ஸு. அக்கா கதிரையை இழுத்துப் பழைய இடத்தில் வைத்தார். பிறகு சொன்னது: "ஜுனைத் வந்தாலும் நான் இப்பிடித்தான். எங்க இருந்த எண்டு ஒரு சொல் கேக்கமாட்டன். நாசி போடுவன்."

ஜுனைத் அண்ணன் அவர் புருசன். கப்பலில் சமையல்காரர். ஒன்பது வருடத்துக்கு முன் போனவர். கடிதம் இல்லை, போன் இல்லை, ஒன்றும் இல்லை.

செப்டெம்பர் 15, திங்கள்

வெயில். உடுப்புக் காய்ந்தது. பஸ்ஸில் நின்றே கண்டி வரை.

ஒபிசில் லாயர் ஐயா வர முந்தி நோட்டீஸ் அடித்து முடித்தேன். எனக்கே பிடித்த வரிகளை இங்கே பதிகிறேன், பிற்காலத்தில் யாராவது என்னைக் கண்டுபிடித்தால் உதவும்:

"படத்தின் பெயரையே நடுவில் வைக்கும் இந்த இயக்குநரின் துணிவுக்கு முன் நம் புகழ்பெற்ற மேதைகள் நிற்க முடியாது. திரும்பி வந்தவனிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் சோறு போடுகிறாள் மனைவி. மன்னிப்பை இவ்வளவு மௌனமாக எந்தப் படமும் காட்டியதில்லை. தாய் மகனைத் துரத்திக் கேள்வி கேட்கும் காட்சி மட்டும் படத்தோடு ஒட்டவில்லை, பெரியவர்களும் சறுக்குவதுண்டு."

வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்பினேன். ஞாயிறு மூன்று மணி, பிள்ளைகள் டியூஷன் படிக்கும் டியூட்டரியின் மேல்மாடி. ஸு. அக்கா பக்கத்தில் இருந்து தமிழில் சொல்லுவார் என்றும் போட்டேன். மாஸ்டர் ஒரு கட்டைவிரல் அனுப்பினார். அவருக்கு அது பெரிய பாராட்டு.

செப்டெம்பர் 17, புதன்

இன்றைக்கு ஸு. அக்கா எங்கள் ஒபிசுக்கு வந்து சத்தியக்கடதாசியில் கையெழுத்து வைக்க வேண்டிய நாள். வரவில்லை.

விசயம் இது. அவர் வீட்டுப் பின்சுவர் போன மழைக்கு வெடித்து, தடி முட்டுக்கொடுத்து நிற்கிறது. அந்தப் பக்கத்து அறையில்தான் படுக்கிறார். இடித்துக் கட்ட அனுமதி வேண்டும். காணி ஜுனைத் அண்ணன் பெயரில். ஆள் காணாமற்போய் இறந்துவிட்டதாகக் கருத வேண்டும் என்று மனைவி சத்தியம் செய்து எழுதினால்தான் மற்றதெல்லாம் நகரும். மகன் ரிஸ்வான் ஆறு மாதம் கெஞ்சி, போன வாரம்தான் அக்கா சரி என்று தலையாட்டினார். அதைத் தட்டச்சு அடிக்க வேண்டிய கை என் கை. முக்கால்வாசி அடித்தும் வைத்திருக்கிறேன்.

பின்னேரம் ரிஸ்வான் வாசலில் நின்றான். பல்லேகலத் தொழிற்சாலையிலிருந்து நேரே, சட்டையில் அட்டை தொங்க.

"மல்லிகா அன்ட்டி, உம்மா கையெழுத்து வெக்கமாட்டாவாம். நீங்க என்னமோ படம் காட்டினீங்களாம்."

"படம் காட்டினேன். அதுக்கென்ன?"

"படத்துல வந்துட்டாராம். அதனால வாப்பாவும் வருவாராம். சுவர் அதுவரைக்கும் நிக்குமாம்." சட்டையில் தொங்கிய அட்டையைக் கழற்றினான். "அன்ட்டி, மழை தொடங்கினா அந்தச் சுவர் உள்பக்கமாத்தான் விழும்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபம்.

பருப்புக்கு உப்புப் போட மறந்தேன்.

செப்டெம்பர் 18, வியாழன்

மதியம் மாஸ்டரின் போன். ஞாயிறு ஓட்டுவதற்காக நான் செவ்வாய்க்கிழமை கொடுத்த சீடியைத் தன் லெப்டொப்பில் ஓட்டிப் பார்த்திருக்கிறார். கணக்கு வாத்தியார், எதையும் இரண்டு தரம் சரிபார்ப்பவர்.

"பிள்ளை, எழுத்து ஓடுற சீடி எல்லோ முதலாவது?"

"இல்ல மாஸ்டர். அதுதான் அந்த இயக்குநரோட உத்தி. நோட்டீஸ்ல எழுதியிருக்கேனே."

"ஓம், வாசிச்சனான்." இருமல். "நல்லா எழுதியிருக்கிறீர். எண்டாலும் படகில அந்தத் தகர ஒட்டை ஒருக்கால் பாரும்."

வைத்துவிட்டார்.

செப்டெம்பர் 19, வெள்ளி

வயிற்றுவலி என்று அரைநாள் லீவு. மாஸ்டர் வீட்டில் சீடியை வாங்கி வந்து கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன்.

எழுத்து ஓடும் சீடியில் படகு முழுசு. புதுச் சாயம். ஒட்டு இல்லை.

மற்றதில் தகர ஒட்டு. ஆளில்லாத படகைத்தான் அயலவர் கண்டுபிடித்து இழுத்து வந்து, ஓட்டையை அடைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

நான் பின்பாதியை முதலில் போட்டிருக்கிறேன். அவன் திரும்பி வரவில்லை. சோறு போட்டதெல்லாம் போக முந்தி. மன்னிப்பும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஒரு சாதாரண இராச்சாப்பாடு.

வேறு யாராக இருந்தாலும், நடுவில் எழுத்து ஓடினால், அடடா, மாற்றிப் போட்டுவிட்டோம் என்று சீடியை மாற்றியிருப்பார்கள். உலக சினிமா பார்த்துப் பழுத்த எனக்குத்தான் அது உத்தியாகத் தெரிந்திருக்கிறது. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

என் முன்னால் இருக்கும் வழிகள்:
ஒன்று, ஞாயிறன்றும் மாற்றியே போடுவது. எட்டுப் பேருக்கும் பாஷை தெரியாது. மாஸ்டர் காட்டிக்கொடுக்கமாட்டார். நோட்டீஸ் காப்பாற்றப்படும். ஸு. அக்காவின் புருசனும் வந்துகொண்டே இருப்பார். சுவர் விழும்.
இரண்டு, சொல்லிவிடுவது.

இவ்வளவு எழுதிய பிறகும் பக்கத்து வீட்டுக்குப் போகவில்லை. அக்கா கிணற்றடியில் பாடிக்கொண்டிருந்தார். ஒன்பது வருடத்தில் அவர் பாடிக் கேட்டதில்லை.

செப்டெம்பர் 20, சனி

மூடுபனி, பத்து மணிக்குத்தான் விலகியது.

போனேன். அக்கா மா சலித்துக்கொண்டிருந்தார். ஞாயிறு வருகிறவர்களுக்குப் பலகாரமாம். படத்தில் தனக்கும் பங்கு இருக்கிறது என்ற சந்தோசம். தேத்தண்ணி வந்தது. குடித்து முடித்தேன். இன்னொரு கோப்பை கேட்டேன். பிறகு ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

"அக்கா, நான் சீடிய மாத்திப் போட்டுட்டேன். ரெண்டாவது மொதல்ல ஓடிருச்சு. அந்த ஆளு வரல. அவரு சாப்பிட்டதெல்லாம் போறதுக்கு முன்னால. என்னை மன்னிச்சுக்கங்க."

சலிப்பது நிற்கவில்லை. மா தீர்ந்தும் வெறும் அரிதட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அப்ப வரல்லியா."

"வரலக்கா."

"படகு மட்டுமா வந்த?"

"படகு மட்டும்."

"ரிஸ்வான் செல்லித் தந்தானா இப்பிடிச் செல்லச் செல்லி?"

"சத்தியமா இல்ல."

"நீங்க போங்க மல்லிகா. எனக்கு வேல கெடக்கு."

கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. நாளைக்கு வருவாரா என்று கேட்கவில்லை. ஒரு மனுசியின் புருசனை ஞாயிறு கொடுத்து சனி பறித்துவிட்டேன்.

வாட்ஸ்அப்: "நோட்டீஸில் பெரும் பிழை. நாளை நேரில் சொல்கிறேன். ம."

செப்டெம்பர் 21, ஞாயிறு

பின்னேரம் மழை வரும் போல இருந்தது. வரவில்லை.

டியூட்டரி மேல்மாடி. கதிரை இருபது. வந்தது பதினொரு பேர்! என் பிழை என்னவென்று அறியும் ஆவல்தான் மூன்று பேரைக் கூட்டி வந்திருக்க வேண்டும். எழும்பி நின்று சொன்னேன். சிரித்தார்கள். மாஸ்டர் மட்டும் சிரிக்காமல் ஜன்னல் சீலையை இழுத்து மூடினார். நல்ல மனுசன்.

மூன்றே கால். ஸு. அக்கா இல்லை. நானே கதையைச் சொல்லிச் சமாளிக்கலாம் என்று தொடங்கும்போது படியில் சத்தம். அக்கா, கையில் பலகாரப் பெட்டி. என்னைப் பார்க்கவில்லை. முன்வரிசையில் போய் உட்கார்ந்து, "போடுங்க" என்றார். "முதலாவது முதலாவதா போடுங்க."

நேர்வரிசையில் பார்த்தபோது அது வேறு படம்.

போன ஞாயிறு பார்த்த அதே மீன் கன்னத்துச் சதை. இன்றைக்கு அதைப் பார்க்க முடியவில்லை. இவன் போகப்போகிறான் என்று எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. கருவாட்டுத் தட்டியை எடுக்க ஓடும்போது புருசனும் பெண்சாதியும் மோதிக்கொண்டு சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பை இயக்குநர் வெட்டாமல் விட்டிருக்கிறார். அவசரமே இல்லை அந்த மனுசனுக்கு. நடிக்கிறவர்கள் நடிக்கிறார்கள் என்றே தெரியவில்லை. அந்தப் பெண் அரிசி கழுவுகிற விதத்தில் தண்ணீர் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்று தெரிகிறது. இப்படி ஒரு படத்தைப் பெட்டிக்குள் போட்டு மறந்த உலகத்தை என்ன சொல்ல.

விடிகாலை. அவன் படகைத் தள்ளுகிறான். அவள் வாயைத் திறந்து, மூடுகிறாள். போன வாரம் இதை நான் கவனிக்கவே இல்லை.

மாஸ்டர் சீடியை மாற்றினார். பலகாரப் பெட்டியை ஒருவரும் தொடவில்லை.

இரண்டாவது. வலை பின்னும் கை. ஒட்டுப் போட்ட படகு. அக்கா ஒவ்வொரு பேச்சாகச் சொல்லிக்கொண்டே வந்தார், குரல் மாறவில்லை. கடைசியில் மூத்தவன் கிளம்புகிறான். தாய் கரையில் நிற்கிறாள். பிறகு தண்ணீருக்குள் இறங்குகிறாள். முழங்கால், இடுப்பு.

"எங்க போற எண்டு கேக்கிறாள்" என்றார் அக்கா. "எந்தப் பக்கம் போற எண்டு கேக்கிறாள். எப்ப வருவ எண்டு கேக்கிறாள். செல்லிட்டுப் போ எண்டு கேக்கிறாள்."

மகன் படகை நிறுத்தித் திரும்பிப் பார்க்கிறான். பதில் சொல்கிறான். கைகாட்டித் திசை சொல்கிறான். அலைச் சத்தத்தில் சொல் கேட்காது. ஆனால் சொல்லிவிட்டான். அத்தோடு படம் நின்றது.

இந்தக் காட்சியைத்தான் ஒட்டவில்லை என்று எழுதியிருந்தேன். படம் முழுவதும் இந்த ஒரு கேள்விக்காகத்தான் எடுக்கப்பட்டிருக்கிறது.

லைட் போட்டதும் மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "நல்ல படம்" என்றார். ஏழு வருடத்தில் அவர் இதைச் சொன்னது இரண்டாம் தடவை. ஒருவர் கையைத் தட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். அக்காவைப் பார்த்துத்தான் தட்டினார்கள். அவர் பெட்டியைத் திறந்து பலகாரம் பங்கு வைத்தார்.

வரும்போது இருவரும் ஒரே பஸ், ஒரே சீட். கட்டுகஸ்தோட்டை வரை அக்கா வெறும் பலகாரப் பெட்டியை மடியில் வைத்திருந்தார். இறங்கும்போது, "அவள் கேட்டது சரிதான்" என்றார்.

செப்டெம்பர் 22, திங்கள்

தலைவலி. கொடிக்கயிறு இன்னும் வாங்கவில்லை.

புதிய நோட்டீஸ் எழுதினேன், யாரும் கேட்காமலே. நான்கு வரி. மேதை, துணிவு எதுவும் இல்லை. என்ன நடக்கிறது என்று மட்டும் எழுதினேன். குருநாகலில் இன்னொரு வட்டம் இருக்கிறதாம், வாசித்துவிட்டு அதையும் சீடியையும் அவர்களுக்கு அனுப்ப மாஸ்டர் கேட்டார். சீடி இரண்டிலும் தடித்த பேனையால் 1, 2 போட்டேன். பத்து நாள் முந்தி யாராவது இதைச் செய்திருக்கலாம்.

பக்கத்து வீட்டில் பாட்டுச் சத்தம் இல்லை.

செப்டெம்பர் 24, புதன்

அடைமழை. குடை உடைந்தது. ஒபிஸ் படியெல்லாம் சேறு.

பதினொரு மணிக்கு ஸு. அக்கா வந்தார். தனியாக. ரிஸ்வானுக்குக்கூடச் சொல்லவில்லையாம். ஈரச் சால்வையை உதறி மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "அந்தக் கடதாசிய எடுங்க மல்லிகா" என்றார்.

அடித்து வைத்ததை எடுத்தேன். லாயர் ஐயா உரத்து வாசித்தார். பெயர், வயது, விலாசம், விவாகம். நான்காவது பந்தியில் நிறுத்தினார்.

"கப்பல்ல வேலைக்குப் போனார்னு இருக்கு. எந்தக் கப்பல்? எங்க போற கப்பல்?"

அக்கா மடியிலிருந்த சால்வையை இன்னொரு மடிப்பு மடித்தார்.

"தெரியாட்டிப் பரவாயில்ல. மல்லிகா, 'கப்பலின் பெயர் எனக்குத் தெரியாது'ன்னு சேர்த்துரு."

"தெரியாது எண்டு இல்ல சேர்" என்றார் அக்கா. "கேக்கல்ல."

"சட்டத்துக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"எனக்கு ஒண்டில்ல. அவர் வாசல்ல சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிண்டார். கேட்டிருந்தா செல்லியிருப்பார். போறவரக் கேக்கக்கூடா எண்டு நான் உள்ளுக்க நிண்டன். சத்தியம் பண்ணிச் செல்ற கடதாசிதானே இது? அப்ப உள்ளதப் போடுங்க."

ஐயா கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்காமல் அடித்தேன்.

"4. எனது கணவர் எந்தக் கப்பலில் செல்கிறார் என்றோ, எங்கே செல்கிறார் என்றோ, எப்போது வருவார் என்றோ நான் அவரிடம் கேட்கவில்லை."

வாசித்துக் காட்டினேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"ஓ, அதுதான்" என்றார். கையெழுத்து வைத்தார்.